பெரிய வீட்டு ரகசியத்தைத் திரைக்கதையாக எழுத உட்காருபவர்களுக்கு: சேலம், ஏற்காடு, ஒரு வாரிசு மனு

இரண்டு மூன்று குறும்படம் எடுத்துவிட்டு, சரி, அடுத்து ஒரு முழுப்படம் எழுதிப் பார்க்கலாம் என்று உட்காருபவர்களில் பாதிப் பேர் இந்தக் கதையைத்தான் எடுக்கிறார்கள். பெரிய வீடு, பெரியவர் இறந்துபோகிறார், பிள்ளைகள் ஊர் ஊராக வந்து சேர்கிறார்கள், பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஒரே வீட்டுக்குள் முடிந்துவிடும், செலவு குறைவு என்று ஒரு கணக்கு. நானும் அந்தக் கணக்கைப் போட்டவன்தான். என் முதல் வரைவில் பதினான்கு பேர், ஆறு ரகசியம். அஸ்தம்பட்டியில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் வைத்துப் படித்துக் காட்டினேன். இடைவேளை வரைக்கும் பொறுமையாகக் கேட்ட ஒருத்தன், “எல்லாம் சரி, இதுல யாருக்குடா பசிக்குது?” என்றான். அப்போது கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், தொண்ணூறு பக்கத்தில் ஒருவர்கூட எதையும் தேடவில்லை, எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து பழைய கதையை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கப்புறம் கிழித்துக் கிழித்து எழுதியதில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஊர் சேலமும் மேலே ஏற்காடும் என்பதால் உதாரணமெல்லாம் இங்கிருந்துதான். உங்கள் ஊர் வேறு என்றால் தொழிலை மாற்றிக்கொள்ளுங்கள், மற்றது பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேலை: பணம் எங்கிருந்து வந்தது?

“தொழிலதிபர்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். என்ன தொழில், எந்த மாதத்தில் காசு வரும், எந்த மாதத்தில் முடங்கும், யாருக்குக் கடன், கணக்கை யார் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு சாப்பாட்டுக் காட்சியைக்கூட எழுத முடியாது. சேலத்தில் பணக்காரர் என்றால் பல வகை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி ஒரு வகை. வெள்ளியை எடைபோட்டுப் பட்டறைக்குக் கொடுத்து, கொலுசாகத் திரும்ப வாங்கி, கூலியும் சேதாரமும் கழித்துக் கணக்கு முடிப்பவர், அந்த வீட்டில் கிராம் தவறினால் உறவு தவறும். ஆத்தூர்ப் பக்கம் சேகோ பாக்டரி, அதாவது ஜவ்வரிசி ஆலை, வைத்திருப்பவர் வேறு வகை. மரவள்ளிக் கிழங்கு வரும் காலத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும், கிழங்கு நின்றால் பாக்டரியும் நிற்கும். மாவு நொதித்த புளிச்ச வாடை அந்தச் சாலையில் போகும் பஸ்ஸுக்குள் வந்துவிடும், ஆனால் முதலாளி பேத்திக்கு அது தெரியாது, ஏனென்றால் அவள் ஏற்காட்டில் போர்டிங் ஸ்கூலில் படித்தவள். இந்த மாதிரி ஒரு சின்ன விஷயம் கிடைத்தால் வெளிநாட்டுக் கார் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மேலே மலையில் காபி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காபி போட்டதிலிருந்து தொடங்கும் கதை அது. இப்போதும் சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தைச் சுற்றி ஏறும் மிளகுக்கொடி, இடையில் ஆரஞ்சு என்றுதான் எஸ்டேட் இருக்கிறது. கீழே சேகோ, மேலே எஸ்டேட் என்று இரண்டும் உள்ள ஒரு குடும்பத்தை இந்தக் கட்டுரைக்கு உதாரணமாக வைத்துக்கொள்வோம். மலைக்குப் போவதும் இறங்குவதும் படத்துக்குள் வந்துவிடும், இருபது கொண்டை ஊசி வளைவும் இலவசம்.

பெயர் வைக்காமல் எழுதுங்கள்

இரண்டாவது வேலை ஆட்களை முடிவுசெய்வது. பல பேரைச் சுற்றி நகரும் கதை என்றவுடன் ஆள் சேர்க்கும் ஆசை வரும். எட்டு அல்லது ஒன்பதோடு நிறுத்துங்கள். அப்புறம், முதல் வரைவில் யாருக்கும் பெயர் வைக்காதீர்கள், உறவுச் சொல்லிலேயே எழுதுங்கள்: பெரியவர், அம்மா, அக்கா, மூத்தவன், சின்னவன், பெரிய மருமகள், மாப்பிள்ளை, சம்பந்தி, ரைட்டர். இதைக் கேட்டுப் பலர் சிரிப்பார்கள், செய்துபார்த்தால் தெரியும். தமிழில் உறவுச் சொல்லிலேயே பாதித் திரைக்கதை இருக்கிறது. பங்காளி என்றால் பங்கு கேட்கக்கூடியவர் என்று சொல்லிலேயே வந்துவிடுகிறது. மாப்பிள்ளை எவ்வளவு கோபமாக இருந்தாலும் மாமனார் வீட்டில் குரல் உயர்த்த முடியாது, பெண்டாட்டி வழியாகத்தான் சொல்லி அனுப்ப வேண்டும். இரண்டு மருமகள்களும் ஒருவருக்கொருவர் ஓரகத்தி. அடுப்படியில் ஒற்றுமை, ஹாலில் போட்டி. தாய்மாமன் வந்து நின்றால் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும், அவர் கையில் காலணா இல்லை என்றாலும். யார் யாரிடம் கத்தலாம், யார் யாரிடம் வாயே திறக்கக்கூடாது என்பதை ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். கத்த முடியாத இடத்தில்தான் நல்ல காட்சி இருக்கும்.

ரைட்டர் என்று சொன்னேன் அல்லவா, எஸ்டேட்டில் கணக்கு எழுதுபவரைத்தான். (நம்மைச் சொல்லவில்லை, நம்மைவிட அவருக்குத்தான் அந்த வீட்டுக் கதை நன்றாகத் தெரியும்.) மேஸ்திரி, டிரைவர், சமையல்கார அக்கா இவர்களில் இரண்டு பேரையாவது அந்த ஒன்பதுக்குள் சேர்த்தே ஆக வேண்டும். முதலாளி வீட்டு ஆட்களை மட்டும் வைத்து எழுதினால், ரகசியத்தை வெளியே சொல்லும் வேலையையும் அவர்களே செய்ய வேண்டியிருக்கும், அங்கேதான் நாடகத்தனம் வந்து உட்காரும்.

ரகசியத்தை எங்கே தேடுவது?

பெரும்பாலும் முதலில் தோன்றுவது “அப்பாவுக்கு இன்னொரு குடும்பம்”. அதை எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பார்ப்பவர் பத்தாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். என் யோசனை, ரகசியத்தை ஒரு காகிதத்தில் தொடங்குங்கள். நம்ம ஊர்ப் பெரிய வீட்டுச் சண்டைகள் எல்லாமே கடைசியில் சார்பதிவாளர் அலுவலக வாசலில்தான் போய் நிற்கின்றன. அதனால் கொஞ்சம் சட்டம் தெரிந்துகொள்ளுங்கள், வக்கீல் அளவுக்கு வேண்டாம், வக்கீல் குமாஸ்தாவிடம் டீ குடித்துக்கொண்டு பேசும் அளவுக்குப் போதும்.

சிலவற்றைச் சொல்கிறேன், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு கொடுத்த திருத்தம் 25.3.1989 முதல் நடைமுறை. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகளுக்குக் கிடையாது. நம் உதாரணக் குடும்பத்தில் அக்காவுக்கு 1989 தை மாதத்தில் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் போச்சு. அப்புறம் 9.9.2005 முதல் மத்திய அரசின் திருத்தம், எப்போது கல்யாணமானாலும் மகளும் பங்குதாரர். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற பேச்சே தேவையில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இப்போது 2006ல் தம்பிகள் இரண்டு பேரும் அக்காவிடம் “சும்மா ஒரு கையெழுத்துக்கா, பேங்க்ல கேக்கறாங்க” என்று சொல்லி வாங்கிய பத்திரம் ஒன்று இருக்கிறது. அது விடுதலைப் பத்திரம், தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது. அக்கா படிக்காமல் போட்டார் என்று தம்பிகள் இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கா படித்துவிட்டுத்தான் போட்டார். ஏன் என்பது உங்கள் இரண்டாம் பாதி.

உயிலைப் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்பதில்லை, இரண்டு சாட்சி போதும். அந்த இரண்டு சாட்சிகள் யார் என்பதை உயிலில் என்ன இருக்கிறது என்பதைவிட முதலில் முடிவுசெய்யுங்கள், அவர்கள் இருவருக்கும் விஷயம் தெரியும், வீட்டுக்கும் வந்து போவார்கள். பதிவுசெய்த உயில் என்றால் இன்னும் வசதி. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ மட்டும்தான் நகல் கொடுப்பார்கள்; இறந்த பிறகு யார் வேண்டுமானாலும் மனு போட்டு வாங்கலாம். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தாலும் உயில் அதில் வராது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் மாப்பிள்ளை பாடை தூக்கிய மறுநாள் காலையிலேயே பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டு, “பேங்க் வரைக்கும் போனேன்” என்று சொல்வார். அவர் சட்டைப்பையில் மடித்த தாள். அவ்வளவு காட்டினால் போதும்.

அடுத்தது நில உச்சவரம்பு. இதுதான் எனக்குப் பிடித்தது. 1961ல் வந்த சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970ல் அது 15 ஆனது. காபி, டீ மாதிரித் தோட்டப் பயிருக்கு விலக்கு. அதாவது மலை மேலே எவ்வளவு காபி இருந்தாலும் கவலையில்லை, கீழே சமவெளியில் மரவள்ளி போட்ட நிலத்தைத்தான் பதுக்க வேண்டும். அந்தப் பத்தாண்டில் சமையல்காரர், டிரைவர், கணக்குப்பிள்ளை, கோயில் என்று கிடைத்த பெயரிலெல்லாம் பத்திரம் எழுதிய குடும்பங்கள் இருக்கின்றன. பிறகு 1988ல் பினாமிச் சட்டம் வந்து, பினாமி பெயரில் எழுதிய சொத்தை “அது என்னுது” என்று வழக்குப் போட்டுத் திரும்பக் கேட்க முடியாதபடி கதவைச் சாத்திவிட்டது. யார் பெயரில் எழுதினாரோ அவர் மனசு வைத்தால்தான் உண்டு.

நம் உதாரணத்துக்கு: பெரியவர் 1960களின் கடைசியில் பழைய ரைட்டரின் பெண்டாட்டி பெயரில் கீழ்நாட்டில் நிலம் எழுதிவைத்தார். இப்போதைய ரைட்டர் அந்த அம்மாவின் மகன். மாதா மாதம் பெரியவர் அந்த அம்மாவுக்குப் பணம் அனுப்பிவந்தார். இதைப் பார்த்த பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடக்காத ஒரு தொடர்புக்காக அந்தக் குடும்பம் நாற்பது வருடமாக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது, நடந்த நிலத் தில்லுமுல்லு அந்த வெட்கத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. பெரியவரின் மனைவிக்கு, அதாவது பிள்ளைகளின் அம்மாவுக்கு, உண்மை தெரியும். பிள்ளைகள் தப்பாக நினைப்பதும் தெரியும். திருத்தவில்லை.

யாருக்கு எது தெரியும்?

இதுதான் கட்டுரையின் மையம், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். நீளக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், லீ பஜார் பக்கம் கிடைக்கும் அந்தச் சிவப்பு அட்டை நோட்டுதான் நான் வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் ஒன்பது பேர். மேலே காட்சி எண்கள். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கில் ஒன்று எழுத வேண்டும்: தெரியும், தெரியாது, தெரிந்தும் தெரியாத மாதிரி, தப்பாகத் தெரியும். ஒரு ரகசியத்துக்கு ஒரு பக்கம்.

புதிதாக எழுதுபவர்களின் நோட்டில் முதல் இரண்டு மட்டும்தான் இருக்கும். ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது, கடைசியில் தெரிந்துவிடுகிறது, அதிர்ச்சி, இசை. அந்த மாதிரிக் காட்சியை ஒருமுறைதான் பார்க்க முடியும். மூன்றாவதும் நான்காவதும் நிறைய இருந்தால்தான் ஒரு சாதாரண வரிக்கு மூன்று பேர் மூன்று விதமாக முகம் மாற முடியும். ஒரு காட்சி முழுக்க ஒரே குறி வந்தால், அதாவது எல்லோருக்கும் தெரியும் அல்லது யாருக்குமே தெரியாது என்றால், அந்தக் காட்சியை நீக்கிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாரும் தேட மாட்டார்கள்.

சொல்வதைவிட எழுதிக் காட்டுகிறேன். பெரியவருக்குக் காரியம் முடிந்த மறுநாள். ஏற்காட்டு பங்களாவில் சாப்பாட்டு மேஜை. வாரிசுச் சான்றிதழுக்கு மனு எழுத வேண்டும். தாசில்தாருக்குப் போவது, கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார், இறந்தவரின் மனைவி, பிள்ளைகள் எல்லார் பெயரும் வர வேண்டும். பேனா மூத்தவன் கையில்.

“அம்மா, அக்கா, நான், தம்பி. நாலு பேரு. வேற யாரும் இல்லைல்ல?”

சும்மா கேட்டதுதான். பதில் யாரும் சொல்லவில்லை. சின்னவன் போனைப் பார்க்கிறான். அக்கா அப்பளத்தை நான்காக உடைக்கிறார். அம்மா வராந்தா பக்கம் திரும்பாமலே கேட்கிறார்:

“ரைட்டர் சாப்பிட்டாரா?”

வெளியிலிருந்து குரல்: “ஆச்சுங்கம்மா.”

“மோர் ஊத்திக்கிட்டாரா கேளு.”

பெரிய மருமகள் தலை நிமிர்கிறாள். அவள் அந்த வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது, ரைட்டர் சாப்பிட்டாரா என்று மாமியார் ஒருநாளும் கேட்டதில்லை.

நோட்டில் பாருங்கள். மூத்தவனுக்குத் தப்பாகத் தெரியும், அதனால்தான் அந்தக் கேள்வியை இவ்வளவு சாதாரணமாகக் கேட்டான், அவன் பரீட்சை வைக்கிறான். சின்னவனுக்கும் தப்பாகத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது என்று நினைக்கிறான். அக்காவுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி. அம்மாவுக்குத் தெரியும், அந்த நிலம் இப்போது ரைட்டரின் மனசில் இருக்கிறது என்பதும் தெரியும், அதனால்தான் மோர். மருமகளுக்கு இதுவரை தெரியாது, இந்த நொடியிலிருந்து தப்பாகத் தெரியும். ரைட்டருக்கு எல்லாம் தெரியும். ஆனால் “ஆச்சுங்கம்மா”வைத் தவிர அவருக்கு வசனம் இல்லை. யாரும் எதையும் வெளியே சொல்லவில்லை, நோட்டில் மட்டும் ஒரு கட்டம் மாறியிருக்கிறது. ஒரு காட்சிக்கு ஒரு கட்டம் மாறினால் போதும், நாலைந்து ஒரே சமயத்தில் மாறினால் அது உடைப்புக் காட்சி, அதை இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள்.

கூட்டுவதற்கு ஒரு காரணமும் ஒரு கெடுவும்

சாவு ஒரு காரணம்தான், ஆனால் சாவில் அழுகை அதிகம், முதல் மூன்று நாளும் யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். அதனால் கதையைப் பதினாறாம் நாள் பக்கம் தள்ளிப் பாருங்கள். அழுதவர்கள் ஓய்ந்திருப்பார்கள், சென்னைக்கும் பெங்களூருக்கும் திரும்பிப் போக டிக்கெட் போட்டிருப்பார்கள், போவதற்குள் பேசி முடித்தாக வேண்டும். அறுபதாம் கல்யாணம், ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்கு வருவது, இவையும் நல்ல காரணங்கள்தான், விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மாதத்தை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஏற்காட்டில் காபிப் பழம் பறிப்பது ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பெரியவர் டிசம்பரில் இறந்தார் என்றால், வீட்டில் துக்கம், வெளியே பழம் சிவந்து நிற்கிறது, பறிக்காவிட்டால் உதிரும். மேஸ்திரி வந்து நிற்பார், இன்றைக்கு ஆள் இறக்கவா வேண்டாமா என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல். முதல் உத்தரவை யார் கொடுக்கிறார்கள்? அந்த ஒரு பதிலில் வாரிசுப் போட்டி முழுவதும் தொடங்கிவிடும். எனக்குத் தெரிந்து அதை அக்காவோ பெரிய மருமகளோ கொடுத்தால்தான் சுவாரசியம். மார்ச், ஏப்ரலில் கோடை மழை விழுந்த பிறகு காபி பூக்கும், செடியெல்லாம் வெள்ளையாக, மல்லிகை மாதிரி வாசம், சில நாளில் உதிர்ந்துவிடும். அழகுக்கு அது. சண்டைக்கு டிசம்பர்.

பேச்சு

எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் மரியாதை கூடும். “வாங்க, போங்க”வில் ஒரு “ங்க” சேர்ந்துகொண்டே போகும், “அப்படிங்களா, சரிங்க, நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்” என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களைக் கிட்டத்தட்ட வெட்டிவிட்டார் என்று அர்த்தம். இதைப் பயன்படுத்துங்கள். பெரிய வீட்டு ஆட்கள் என்றால் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். பேரப் பிள்ளைகள் பேசட்டும். பெரியவரின் தலைமுறை சேகோ மூட்டையும் கடனும் பேசிப் பணக்காரர் ஆனது, கார் மாறியிருக்கும், பேச்சு மாறியிருக்காது. அந்த மூத்தவன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கியதும் செய்யும் முதல் காரியம் சேலத்தில் வண்டியை நிறுத்தித் தட்டுவடை செட் சாப்பிடுவதுதான், அப்பா போன துக்கத்திலும்.

விளக்க வசனம் எழுதவே எழுதாதீர்கள். “உனக்குத் தெரியுமா அண்ணா, 1989ல் அப்பா என்ன செய்தார் என்று” மாதிரி ஒரு வரி வந்தால், அண்ணனுக்கு அது தெரியும் என்பது நமக்கும் தெரியும். பத்திரமே பேசட்டும். அல்லது வெளியாள் பேசட்டும்: கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்து, டீ குடித்துக்கொண்டே, “பெரியவருக்கு ஆத்தூர்ப் பக்கமும் நிலம் இருந்துதுங்களே” என்று நல்ல மனசோடு கேட்டுவிட்டுப் போவார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் அவரால் கேட்க முடிந்தது.

பிளாஷ்பேக் பற்றி ஒரு வார்த்தை. எழுதுங்கள், எழுதி முடித்ததும் நீக்குங்கள். எழுதினால் உங்களுக்குத் தெளிவு வரும், நீக்கினால் படத்துக்கு வரும். விக் வைத்த இளம் பெரியவரை யாருக்கும் பார்க்க ஆசையில்லை.

எழுதி முடித்த பிறகு, எடுப்பதற்கு முன்

ஏற்காடு ரோட்டில் அடிவாரத்தை நோக்கிப் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய ஸ்டுடியோ, நூற்றுக்கும் மேல் படங்கள், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956ல் அங்கிருந்துதான் வந்தது. இப்போது மிச்சம் அந்த வளைவுதான். அவர்கள் ஏற்காட்டின் அடியிலேயே செட் போட்டு எடுத்தார்கள், மேலே போய் மாட்டிக்கொள்பவர்கள் நாம்தான். அதனால் சில எச்சரிக்கைகள்.

பங்களாவைப் பார்க்காமல் கடைசி வரைவை எழுதாதீர்கள். சாப்பாட்டு மேஜையிலிருந்து வராந்தா தெரிகிறதா? தெரியாவிட்டால் மேலே சொன்ன மோர் காட்சி இல்லை. வாடகை, நாள், எத்தனை மணி வரை, எந்த அறை, சமையலறை உண்டா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு இடத்தில் வாய்ப்பேச்சில் ஒரு தொகை, சாமான் இறக்கிய பிறகு வேறு தொகை. பத்திரம் பத்திரம் என்று கதை எழுதிய நான் ஒரு தாளில் கையெழுத்து வாங்கவில்லை.

மூடுபனியை நம்பி எழுதாதீர்கள், பயந்தும் எழுதாதீர்கள். நாங்கள் ஒரு டிசம்பரில் வராந்தாவில் இரண்டு பேர் பேசும் காட்சியை எடுத்தோம். காலையில் அக்காவின் பக்கம் எடுத்தபோது அவருக்குப் பின்னால் தோட்டமே தெரியாத பனி. டீ குடித்துவிட்டு மூத்தவனின் பக்கம் கேமராவைத் திருப்பினால் பளிச்சென்று வெயில். எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் வேறு வேறு மாவட்டத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. அதற்கப்புறம் வெளியே நடக்கும் காட்சிகளை ஆளுக்கு ஒரு பக்கம் என்று பிரிக்காமல் ஒரே ஷாட்டில் முடிவது போல மாற்றி எழுதினேன், நீளமானவற்றை உள்ளே ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பனி இருந்தால் ஜன்னல் வெள்ளை, இல்லாவிட்டால் திரையை இழுத்துவிடலாம்.

சத்தத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பறிப்புக் காலத்தில் பழத்தோல் உரிக்கும் பல்பர் ஓடும், ஓட்டு மேல் மழை விழும், சாயங்காலம் பூச்சி. நேரடி ஒலிப்பதிவு என்றால் பல்பர் எத்தனை மணிக்கு ஓடும் என்று எஸ்டேட்டில் கேட்டு அதற்கு ஏற்ப நாளைப் போடுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் சும்மா அந்த அறையின் ஒலியைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே இறங்கிய பிறகு அது கிடைக்காது.

ஏரி, லேடீஸ் சீட் மாதிரிப் பொது இடங்களில் அனுமதி இல்லாமல் கேமராவை வைக்காதீர்கள். இந்தக் கதைக்கு அவை தேவையும் இல்லை, அந்த ஊர்ப் பணக்காரர் யாரும் போய் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து சேலத்து விளக்குகளைப் பார்ப்பதில்லை. மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று கூட்டம், அந்தப் பக்கமே போக வேண்டாம். சனி ஞாயிறும் அப்படித்தான். ஜெனரேட்டர் வண்டி, சாமான் வண்டியெல்லாம் வாரநாளில் விடியும்போதே மலை ஏறிவிட வேண்டும், கொண்டை ஊசியில் ஒரு சுற்றுலா பஸ் எதிரே வந்து நின்றால் உங்கள் முதல் ஷாட் மதியத்துக்குப் போய்விடும். குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது, கூட்டம் குறைவு, ஆனால் பெரிய வண்டியை அதில் அனுப்புவதற்கு முன் அந்த டிரைவரை ஒருதடவை சின்ன வண்டியில் கூட்டிப்போய்ப் பாதையைக் காட்டிவிடுங்கள்.